பலகைக்கு முன் சப்பாத்து

கேள்வியைச் சுருக்கமாக ஒருமுறை சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். சுவிஸில் பேர்ண் நகருக்கு அருகில் வசிக்கும் 41 வயது அம்மா ஒருவர் கேட்டிருக்கிறார். பிள்ளைகள் இருவரும் பள்ளிக்கூட ஸ்கீலாகரில், அதாவது பனிச்சறுக்கு முகாமில், பனிச்சறுக்குப் பழகிவிட்டார்கள். அவர்களோடு மலைக்குப் போய் கீழே கோப்பிக்கடையில் காத்திருந்து அலுத்துப்போய், கடந்த பெப்ரவரியில் தானும் மூன்று நாள் வகுப்புக்குப் போயிருக்கிறார். எல்லாம் வாடகைச் சாமான். 24.5 அளவுச் சப்பாத்து இறுக்கியதால் கடையில் 25.5 கொடுத்தார்கள். மூன்றாம் நாள் ஒரு கால்நகம் கறுத்துவிட்டது, முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு முழுக்க நோ. இப்போது பக்கத்துவீட்டுப் பெண்மணி தன் பழைய செட்டை, அதாவது 165 சென்ரிமீற்றர் பலகை, 38 அளவுச் சப்பாத்து, தடி எல்லாவற்றையும் சேர்த்து 150 பிராங்குக்குத் தருவதாகச் சொல்கிறார். இவர் ஒதுக்கிய காசு 700 பிராங். உயரம் 158, எடை 62. பழையதை எடுப்பதா, புதிதாக ஒரு செட் வாங்குவதா என்பது கேள்வி. ஆனால் எழுத்தை இரண்டு தரம் வாசித்தபோது, அதற்கு அடியில் வேறொரு கேள்வி இருப்பதாகத் தெரிந்தது. அந்த மூன்று நாள் வேதனைக்குக் காரணம் என் வயதும் என் காலுமா, அல்லது சாமானா? அதற்குத்தான் முதலில் பதில் சொல்ல விரும்புகிறேன்.

ஓபர்லாந்து மலைப்பகுதியில் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் பதினேழு பனிக்காலம் வேலை செய்கிறேன். முதல் நான்கு வருடம் வாடகைப் பகுதியில், பிறகு சப்பாத்துப் பொருத்தும் பகுதியில். ஆயிரக்கணக்கான கால்களைக் கையில் பிடித்துப் பார்த்திருக்கிறேன். நான் வைத்தியன் இல்லை, ஸ்கீ பழக்குபவனும் இல்லை. உங்கள் காலையும் நான் பார்க்கவில்லை. ஆகவே நிச்சயமாகத் தெரிந்ததை நிச்சயம் என்றும், ஊகத்தை ஊகம் என்றும் பிரித்தே சொல்கிறேன்.

நிச்சயமான ஒன்று: உங்கள் 700 பிராங்கின் பெரும்பகுதி சப்பாத்துக்குப் போகவேண்டும். பலகையை இந்தப் பனிக்காலம் வாடகைக்கு எடுங்கள். பக்கத்துவீட்டுச் செட்டில் தடியைத் தவிர வேறெதையும் எடுக்கவேண்டாம்.

நகம் கறுத்தால் சப்பாத்துச் சின்னம் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். என் மேசைக்கு வரும் கறுத்த நகங்களில் பெரும்பாலானவை சப்பாத்துப் பெரிதாக இருந்ததால் வந்தவை. ஸ்கீ சப்பாத்து மற்றச் சப்பாத்துப் போல இல்லை. வெளியே கடினமான பிளாஸ்ரிக் ஓடு, உள்ளே மெத்தையான உள்ளுறை. அதன் முழு வேலையும் குதிக்காலைப் பின்மூலையில் அசையாமல் பிடித்து வைப்பது. ஓடு பெரிதானால் குதிக்கால் பிடிபடாது. சரிவில் இறங்கும்போது பாதம் முன்னால் வழுக்கும், பெருவிரல் ஒவ்வொரு திருப்பத்திலும் ஓட்டில் இடிக்கும். ஒரு நாளில் சில நூறு தரம் இடித்தால் நகம் தாங்காது. பாதம் ஆடுகிறதே என்று கொளுக்கிகளை இன்னும் இழுத்துப் பூட்டுவீர்கள். அப்போது பாதத்தின் மேல்மேட்டில் இரத்த ஓட்டம் தடைப்பட்டு விரல் விறைக்கும், குளிரும். சப்பாத்தில் கணுக்காலுக்கு மேலே உள்ள பகுதியும் காலோடு ஒட்டாமல் நிற்பதால், முன்னெலும்பு அதில் போய்ப் போய் அடிபடும். நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு நோவும் இந்த ஒரே காரணத்தால் வரக்கூடியவை.

ஆனால் முழுப் பழியையும் சப்பாத்தின் மேல் போட்டுவிட முடியாது. புதிதாகப் பழகுபவர்கள் பயத்தில் உடம்பைப் பின்னால் சாய்ப்பார்கள். அது இயல்பு. அப்படிச் சாய்ந்தாலும் விரல் முன்னால்தான் இடிக்கும். உங்களுடைய விஷயத்தில் எவ்வளவு பங்கு அளவினால், எவ்வளவு நிற்கும் விதத்தால் என்று இங்கிருந்து என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டும் சேர்ந்தே இருந்திருக்கும் என்பது என் ஊகம். குதிக்கால் ஆடும் சப்பாத்தில் முன்னால் சாய்ந்து நிற்க எவருக்கும் துணிவு வராது.

சரி, 24.5 ஏன் இறுக்கியது? இந்த இடத்தில் நம்முடைய ஆட்களைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். நம்மில் பலர் வெறுங்காலோடும் செருப்போடும் வளர்ந்தவர்கள். விரல்கள் விரிந்து, முன்பாதம் அகன்று, குதிக்கால் ஒடுங்கி இருக்கும். சிறுவயதில் இருந்தே மூடிய சப்பாத்துப் போட்டவர்களின் பாதத்தைவிட, வெறுங்காலில் நடந்து பழகியவர்களின் முன்பாதம் அகலமாக இருப்பது ஆய்வுகளிலும் காணப்பட்ட விஷயம்தான். இது குறை இல்லை, நல்ல பாதம். ஆனால் வாடகைக் கடையில் அவசரத்தில் நிற்கும் பையன் என்ன செய்வான்? பக்கவாட்டில் இறுக்குகிறது என்று நீங்கள் சொன்னதும் ஒரு அளவு பெரிதைக் கொடுப்பான். அகலம் கிடைக்கும், கூடவே தேவையில்லாத ஒரு சென்ரிமீற்றர் நீளமும் வந்துவிடும். வாடகைப் பகுதியில் இருந்தபோது சனிக்கிழமைக் காலைகளில் நானும் இதையே செய்திருக்கிறேன். அந்த ஆட்களின் விரல்கள் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை பொருத்தும் பகுதிக்கு வந்த பிறகுதான் விளங்கிக்கொண்டேன். உங்களுக்குத் தேவை நீளமான சப்பாத்து இல்லை, அகலமான சப்பாத்து.

ஸ்கீ சப்பாத்தின் அளவு உங்கள் பாதத்தின் நீளம், சென்ரிமீற்றரில். அதை மொண்டோபொயின்ற் என்பார்கள். பின்னேரத்தில் அளவெடுங்கள், அப்போது பாதம் சற்று வீங்கி இருக்கும். குதிக்காலைச் சுவரோடு ஒட்டி வைத்து, இரண்டு காலிலும் பாரத்தைப் போட்டு நின்று, சுவரிலிருந்து மிக நீண்ட விரல் நுனிவரை அளக்கவேண்டும். இரண்டு பாதமும் ஒரே நீளமாக இருக்காது. பெரியதை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரணமாக 38 போடும் பெண்ணின் பாதம் 24 சென்ரிமீற்றருக்கு அக்கம்பக்கமாக இருக்கும். அடுத்தது அகலம். பெட்டியில் 98, 100, 102 என்று மில்லிமீற்றரில் ஒரு எண் இருக்கும். அது முன்பாதத்தின் அகலத்தைக் குறிக்கிறது. ஆனால் அது வழக்கமாக 26.5 அளவுச் சப்பாத்தில் எடுத்த எண். 24.5 அளவில் உண்மையான அகலம் அதைவிடச் சில மில்லிமீற்றர் குறைவு. எனவே உங்கள் பாதம் 98 மில்லிமீற்றர் என்று வீட்டில் அளந்துவிட்டு, 98 என்று எழுதிய சப்பாத்தை இணையத்தில் வாங்கிவிடாதீர்கள். நீங்கள் 102 அல்லது அதற்கு மேல் எழுதியவற்றில் இருந்து தொடங்கலாம்.

கடையில் செய்யவேண்டிய ஒரு சோதனை இருக்கிறது. யார் சொன்னாலும் அதைச் செய்யாமல் வாங்கவேண்டாம். உள்ளுறையை வெளியே இழுத்துவிட்டு, வெறும் ஓட்டுக்குள் காலை விடுங்கள். விரல் முன்னால் இலேசாக முட்டும்படி நில்லுங்கள். இப்போது குதிக்காலுக்கும் ஓட்டுக்கும் இடையே ஒன்றரை முதல் இரண்டு சென்ரிமீற்றர் இடைவெளி இருக்கவேண்டும். இரண்டரையைத் தாண்டினால் அந்தச் சப்பாத்து உங்களுக்குப் பெரிது, எவ்வளவு சுகமாக இருந்தாலும் சரி. பெரும்பாலான நிறுவனங்களில் 24க்கும் 24.5க்கும் ஓடு ஒன்றுதான், உள்ளே இருப்பதில்தான் சிறிய வித்தியாசம். ஆகவே அரை அளவைப் பற்றி அதிகம் கவலைப்படவேண்டாம். அப்புறம் உள்ளுறையைப் போட்டு, குதிக்காலை நிலத்தில் இரண்டு தரம் தட்டி, மேல்கொளுக்கிகளை முதலில் பூட்டி, கீழே உள்ளவற்றைச் சும்மா பிடிக்கும் அளவுக்கு மட்டும் பூட்டுங்கள். நிமிர்ந்து நிற்கும்போது விரல் முன்னால் தொடும். முழங்காலை மடித்து முன்னால் சாய்ந்தால் விரல் பின்வாங்கி விடுபடும். அதுதான் சரியான அளவு. முதல் ஐந்து நிமிடம் ஒருவர் உங்கள் பாதத்தைக் கையால் இறுக்கிப் பிடித்திருப்பதுபோல இருக்கும். அது பரவாயில்லை. ஒரே புள்ளியில் கூர்மையாகக் குத்தினால் அது சரிவராது. அரைமணி நேரம் போட்டபடி கடையில் நில்லுங்கள். நல்ல கடைக்காரர் அவசரப்படுத்த மாட்டார். எலும்பு முட்டும் இடத்தில் பிளாஸ்ரிக் ஓட்டைச் சூடாக்கி வெளியே தள்ளிக் கொடுப்பது எங்கள் அன்றாட வேலை. சிறிய ஓடு என்றால் பெரிதாக்க வழி உண்டு, பெரிய ஓடு என்றால் சிறிதாக்க வழியே இல்லை. சில நாள் பாவித்ததும் உள்ளுறை அமுங்கி இன்னும் கொஞ்சம் இளகும். கடையில் சுகமாக இருக்கும் சப்பாத்து மார்ச் மாதத்தில் ஆடத் தொடங்கிவிடும்.

மேஸ் ஒன்று மட்டும். மெல்லிய, முழங்கால்வரை வரும் ஸ்கீ மேஸ். குளிருமே என்று இரண்டு போடும் பழக்கம் நம்மிடம் உண்டு. அது இரத்த ஓட்டத்தை நெருக்கி, வியர்வையையும் தேக்கி, காலை இன்னும் குளிரவைக்கும். உள்ளே நீளக் காற்சட்டை போட்டால் அதைச் சப்பாத்துக்குள் விடாதீர்கள். அந்த மடிப்பு ஒன்றே முன்னெலும்பில் நோ உண்டாக்கப் போதும்.

சப்பாத்தின் விறைப்பைக் காட்டும் எண் ஒன்றையும் கடையில் சொல்வார்கள், பிளெக்ஸ் என்று. உங்கள் எடைக்கும் அனுபவத்துக்கும் 60க்கும் 80க்கும் இடையில் பார்க்கலாம். இந்த எண்ணை நான் வழிகாட்டியாக மட்டும் எடுப்பேன். நிறுவனங்களுக்குப் பொதுவான அளவுகோல் கிடையாது, ஒன்றின் 70 இன்னொன்றின் 80 போல இருக்கும். குளிரில் பிளாஸ்ரிக்கும் இன்னும் விறைக்கும். முன்னால் சாயும்போது கணுக்கால் மெதுவாக மடிகிறதா என்று உங்கள் காலே சொல்லட்டும். பெண்களுக்கான சப்பாத்தில் பின்பக்க மேல்விளிம்பு சற்றுத் தாழ்வாக இருக்கும். கெண்டைக்கால் கீழிறங்கி இருப்பவர்களுக்கு அது உண்மையிலேயே உதவும். ஒருவரின் பாதத்துக்கென்றே செய்யும் விலை கூடிய உட்தளம் முதல் வருடம் அவசியமா என்று கேட்டால், பாதம் தட்டையாகவோ வளைவு மிக உயர்ந்தோ இருந்தாலொழிய இல்லை என்பேன். இந்த இடத்தில் என் தொழிலில் உள்ள சிலர் என்னோடு உடன்படமாட்டார்கள்.

இனிப் பக்கத்துவீட்டுச் சப்பாத்து. உள்ளுறை அவருடைய காலின் வடிவத்துக்கு அமுங்கி முடிந்திருக்கும். அது உங்கள் காலைப் பிடிக்காது. அதைவிடப் பெரிய காரணம் பிளாஸ்ரிக்கின் வயது. நிலக்கீழ் அறையில் பத்து, பதினைந்து வருடம் கிடந்த ஓடு பார்வைக்குப் புதிதுபோல இருக்கும், உள்ளே உதிரும் நிலைக்கு வந்திருக்கும். ஒருமுறை ஒரு தகப்பனார் தன் மாமனாரின் பழைய சப்பாத்தைப் போட்டுக்கொண்டு எங்கள் கடை வாசலில் நடந்து வந்தார். படியில் ஏறும்போது குதிப்பக்கம் முட்டை ஓடு போல உடைந்து விழுந்தது. வாசலில் நடந்தது நல்லது. சரிவில் நடந்திருந்தால் கால் பலகையில் இருந்து நினையாத நேரத்தில் கழன்றிருக்கும்.

பலகைக்கு வருவோம். புதிதாகப் பழகுபவருக்குப் பலகையின் நுனி நாடிக்கும் மூக்குக்கும் இடையில் நிற்கவேண்டும். உங்கள் உயரத்துக்கு ஏறக்குறைய 140 முதல் 148. பக்கத்துவீட்டுப் பெண்மணி தரும் 165 உங்கள் தலைக்கு மேலே போகிறது. அதைத் திருப்புவதற்குத் தேவையான வேகமும் நம்பிக்கையும் இப்போது உங்களிடம் இல்லை. பயந்த வேகத்தில் நீளப் பலகை சொன்ன சொல் கேட்காது. பலகையின் நடுப்பகுதி அகலம் 70 முதல் 76 மில்லிமீற்றர், திரும்பும் ஆரை 11 முதல் 14 மீற்றர், இலகுவில் வளையும் தன்மை. இது இருந்தால் நீல வழிகளுக்கு, அதாவது இலகுவான சரிவுகளுக்குப் போதும். எந்த நிறுவனம், என்ன நிறம் என்பதெல்லாம் இந்தக் கட்டத்தில் பொருட்டில்லை. பக்கத்துவீட்டுப் பலகை எந்த வருடத்தது என்று நீங்கள் எழுதவில்லை. மேலிருந்து பார்க்கும்போது நடுவில் ஒடுங்காமல் கிட்டத்தட்ட நேராக இருந்தால், அது 1990களின் நடுப்பகுதிக்கு முந்திய வகை. அதில் இன்று எவரும் பழகவேண்டிய தேவை இல்லை.

ஏன் வாடகை என்கிறேன் என்றால், முதல் பத்துப் பதினைந்து நாளில் நீங்கள் வேகமாக மாறுவீர்கள். நவம்பரில் பொருத்தமான பலகை அடுத்த பெப்ரவரியில் பொம்மை போலத் தோன்றலாம். பருவ வாடகைக்கு எடுத்தால் கடைகள் பெரும்பாலும் இடையில் மாற்றித் தருவார்கள். ஆனால் கால் மாறுவதில்லை. நல்ல சப்பாத்து ஒன்று நூறு நாளுக்கு மேல் வரும், பெரும்பாலான வாடகைப் பலகைகளிலும் ஏறும். வருடத்துக்கு எட்டு நாளுக்குக் குறைவாக மலைக்குப் போகிறவர் பலகை வாங்குவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. இது கணக்குப் போட்டுக் கண்டது இல்லை, பதினேழு வருடம் கடையில் நின்றதால் வந்த எண்ணம்.

பலகையில் சப்பாத்தைப் பிடித்து, விழும்போது விடுவிக்கும் பொறியை இங்கே பிண்டுங் என்கிறார்கள். இதில் மட்டும் விளையாடவேண்டாம். எடை, உயரம், வயது, ஓடும் திறன், சப்பாத்து அடியின் நீளம் ஆகிய ஐந்தையும் வைத்து அட்டவணைப்படி எண் கணிக்கப்படுகிறது. அடியின் நீளம் சப்பாத்தின் குதிப்பக்கத்தில் மில்லிமீற்றரில் பொறித்திருக்கும். ஆகவே சொந்தச் சப்பாத்தோடு வாடகைப் பலகை எடுக்கும் ஒவ்வொரு முறையும் அதற்கேற்பச் சரிசெய்ய வேண்டும். பக்கத்துவீட்டுப் பலகையின் பிண்டுங் அவருடைய எடைக்கும் அவருடைய சப்பாத்துக்கும் வைத்தது. ‘நான் நன்றாக ஓடுவேன்’ என்று கடையில் கூட்டிச் சொல்லாதீர்கள், எடையைக் குறைத்தும் சொல்லாதீர்கள். வெட்கப்பட்டு எடையைக் குறைத்துச் சொல்பவர்கள் நிறையப் பேர். இரண்டு பொய்யும் அந்த எண்ணைக் கெடுக்கும். இன்னொன்று: புதிய சப்பாத்துகள் பலவற்றில் நடக்க இலகுவாக வளைந்த றப்பர் அடி இருக்கும், கிரிப்வோக் என்று எழுதியிருக்கும். அதற்கு ஏற்றது என்று குறித்த பிண்டுங்கில்தான் அதைப் போடலாம். பழைய பிண்டுங்கில் உள்ளே போய்விடும், ஆனால் விழும்போது ஒழுங்காக விடுபடும் என்று நம்ப முடியாது. சுவிஸ் விபத்துத் தடுப்பு ஆலோசனை நிலையம் வருடத்துக்கு ஒருமுறை பிண்டுங்கை இயந்திரத்தில் சோதிக்கச் சொல்கிறது. சோதித்த பலகையில் கடைக்காரர் ஒரு சிறிய ஒட்டி ஒட்டுவார்.

சரியாக வைத்த பிண்டுங் கீழ்க்காலெலும்பு முறிவை வெகுவாகக் குறைத்திருக்கிறது. அதில் சந்தேகம் இல்லை. முழங்கால் நாரைப் பற்றி அந்த உறுதியை யாரும் தரமுடியாது. மெதுவாகப் பின்னால் விழுந்து முறுக்குப்படும்போது பிண்டுங் திறக்காமலே முழங்கால் நார் அறுந்துபோகலாம். மாடிப்படி இறங்கும்போதே முழங்கால் நோகிறது என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். சப்பாத்து வாங்க முதல் அதை ஒரு டொக்டரிடம் காட்டுங்கள். இதில் என் அனுபவம் உதவாது.

மீதிக் காசில் ஹெல்மட்டைப் புதிதாக வாங்குங்கள். பழைய ஹெல்மட் முன்பு அடிபட்டதா என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. இங்கே சட்டம் கட்டாயப்படுத்தவில்லை, ஆனாலும் வழிகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் போடுகிறார்கள். உள்ளே ஈஎன் 1077 என்ற எண் இருக்கவேண்டும். தலையை ஆட்டும்போது நெற்றித்தோல் ஹெல்மட்டோடு சேர்ந்து அசைந்தால் அளவு சரி. நீளத் தலைமுடி என்றால் கொண்டை போடாமல் கழுத்துக்குக் கீழே தாழப் பின்னிக்கொண்டு போய்ப் போட்டுப் பாருங்கள். கொண்டைக்கு இடம்விட்டுப் பெரிய ஹெல்மட் வாங்கிய பெண்கள் பலர் எங்களிடம் திரும்பி வந்திருக்கிறார்கள். ஸ்கீ கண்ணாடி ஒன்றுதான் வாங்கலாம் என்றால், நடுத்தரக் கருமையுள்ள எஸ்2 வகை. முகில் நாளில் பனியின் மேடு பள்ளம் தெரிவது, வெயில் நாளில் கண் கூசாமல் இருப்பதைவிடப் புதியவருக்கு முக்கியம். உடுப்பைக் கடன் வாங்குங்கள் அல்லது பழையது எடுங்கள். ஜீன்சும் பருத்திச் சட்டையும் மட்டும் வேண்டாம், நனைந்தால் காயாது. கையுறையில் மிச்சம் பிடிக்கவேண்டாம்.

தடிக்கு உங்கள் உயரத்தை 0.7 ஆல் பெருக்குங்கள், 110 வரும். தலைகீழாகப் பிடித்து, வட்டுக்குக் கீழே கையை வைத்தால் முழங்கை செங்கோணத்தில் மடியவேண்டும். பக்கத்துவீட்டுப் பெண்மணியின் தடி நீளமாக இருந்து, அலுமினியம் என்றால் கைப்பிடியைக் கழற்றிக் குழாயை வெட்டிக் குறைக்கலாம். பத்து நிமிட வேலை. அதை மட்டும் கேட்டு வாங்குங்கள். மற்றவற்றை ஏன் எடுக்கவில்லை என்று அவரிடம் சொல்லலாம். நல்ல மனதோடு தர நினைத்தவர், விளங்கிக்கொள்வார்.

ஒக்டோபர், நவம்பரில் ஊருக்கு ஊர் ஸ்கீபேர்சே, அதாவது பழைய ஸ்கீ சாமான் சந்தை, நடக்கும். பிள்ளைகளின் பலகைக்கும் உடுப்புக்கும் அது நல்ல இடம். வளரும் பிள்ளைகளுக்குப் பருவ வாடகையும் நல்லது. உங்கள் சப்பாத்தை அங்கே தேடாதீர்கள். கிழமை நாளில், பின்னேரம், கூட்டம் இல்லாத நேரத்தில் கடைக்குப் போங்கள். நகத்தை வெட்டிக்கொண்டு, மெல்லிய ஸ்கீ மேஸையும் கையோடு எடுத்துக்கொண்டு போய், ‘முன்பாதம் அகலம், குதிக்கால் ஒடுக்கம், போன முறை 25.5இல் நகம் கறுத்தது’ என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். அதைக் கேட்டதும் எழுந்து அளவுகோலை எடுப்பவரிடம் வாங்குங்கள். நேராகப் பெட்டி அடுக்கை நோக்கி நடப்பவராக இருந்தால் வேறு கடை பாருங்கள்.